அப்பாவின் இடுப்பு மூட்டு

தை, வியாழன் இரவு.

அப்பாவுக்கு வைத்த உலோக இடுப்பு மூட்டு தேய்கிறதா என்று பார்க்க, இன்று நாமக்கல்லில் ரத்தம் எடுத்தார்கள். மூட்டு தேய்ந்து ரத்தத்தில் கலக்கும் குரோமியம் என்ற உலோகம் அதிகமிருந்தால் மறுபடியும் அறுவை சிகிச்சை. பிறகு மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியில் பறிக்க ஏற முடியாது. அந்தப் பயத்தில் அப்பா ஒரு வாரமாகக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

“ஏனுங்கம்மா, படுத்தே கெடந்தா ரத்தம் சுத்தமாயிருமில்லீங்க?” என்று ரத்தம் எடுத்த அக்காவிடம் கேட்டார்.

“படுத்தா இறங்கறதுக்கு இதென்ன காய்ச்சலாங்க?”

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மலைமேல் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா மூங்கில் ஏணியை எடுத்து மரத்தில் சாய்த்துவிட்டார். “ரிசல்ட்டு வாரதுக்குள்ள பறிச்சுப் போடலாம். காலையில வந்து ஏணியப் புடி கண்ணு.”

மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால், யாரும் பிடிக்காமலே ஏறுவார்.