தலைமாட்டுக் கல்

பொகவந்தலாவை
1958

அன்புள்ள அத்தானுக்கு,

தென்துருவத்திலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய எரிமலைக் கல் பத்திரமாக வந்து சேர்ந்தது. கல் ஆராயும் துரைக்குச் சமைத்துப் போடத்தானே போனீர்கள்? பனிமலையில் கல்லும் சுமக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. கையுறை இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

மனிதன் பிறப்பதற்குக் கோடி வருசம் முன்பே நெருப்புக் குழம்பாக ஓடி இறுகிய கல் என்று நீங்கள் எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "நெருப்பா இருந்ததுங்குறான், இம்புட்டுச் சில்லுன்னு இருக்கே தாயி" என்று சிரித்தார். பக்கத்து வீட்டுக் காளியாயி அக்கா அதன் பொத்தல்களைப் பார்த்ததும் தண்ணீர் கொட்டும் பீலிக்கு எடுத்துப்போய்க் குதிகால் தேய்த்தாள். மறுநாள் அங்கே பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் கத்தினால், "கோடி வருசத்துக் கல்லு எங்க காலுக்கா தேஞ்சிறப் போவுது?" என்கிறாள். சண்டை போட்டுத்தான் வாங்கி வந்தேன்.

பிறகு மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. கல்லை நெற்றியில் வைத்துக்கொண்டு, மகன் கை வைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டீர்கள். நம் லயத்து வீடுகளுக்குக் கீழே, சவுக்கு மரத்தடியில் இருக்கிறார். அங்கே புதுத் தேயிலை நடப்போகிறார்கள். கன்று வளர்ந்துவிட்டால் எந்த இடம் என்று எனக்கே தெரியாது. அதனால் உங்கள் கல்லைத் தலைமாட்டில் பாதி வெளியே தெரியும்படி பதித்திருக்கிறேன். நம் மலையில் எங்கு தேடினாலும் அப்படி ஒரு கறுப்புக் கல் கிடையாது. வந்ததும் யாரையும் கேட்காமல் நேரே அவரிடம் போகலாம்.

கடைசிவரை அவர் பக்கத்தில் இருந்த
உங்கள் மனைவி