கலங்கல் தண்ணீருக்குக் கிடைத்த கோப்பை

அன்பு மச்சான் மாணிக்கத்துக்கு,

கோட்டையூர் மக்களுக்கும், நீ இப்போது குடியேறியிருக்கும் ஊர் மக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: உன் மாமன் மகன் சுப்பையாவுக்கு மீசை முளைத்துவிட்டது. இடது பக்கம் மட்டும். வலது பக்கம் அடுத்த மழைக்கு முளைக்கலாம்.

இன்னொரு சின்னச் செய்தியும் உண்டு. சிவகங்கையில் நடந்த பள்ளிகளுக்கான அறிவியல் போட்டியில் முதல் பரிசு நமக்கு!

நீ ஆரம்பித்து வைத்த சோதனைதான். கண்ணாடிச் சாடியில் ஊருணியின் கலங்கல் தண்ணீர். தேற்றாங்கொட்டையைக் கல்லில் உரசிக் கலக்கினால் சேறெல்லாம் அடியில் போய் உட்காரும். "நம்ம ஹெட்மாஸ்டர் வகுப்புக்குள்ள வந்த மாதிரிடா" என்று நீ விளக்கம் சொல்வாயே, அதேதான்.

நீ போனதும் அந்த ஹெட்மாஸ்டரே தயங்கினார். "மூணு பேர் அணியில ரெண்டு பேருதான் மிச்சம். இந்த வருசம் விட்டுருவோம்ப்பா" என்றார். நம் ஜமால் வாயைத் திறக்க விண்ணப்பம் போட வேண்டும் இல்லையா? அவன் எழுந்து நின்றான். "மாணிக்கத்தோட சோதனை சார். போகணும் சார்." கைவேலை அவனுக்கு, வாய்வேலை எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். தோற்றுவிட்டு வந்து உன்னைப் பெற்ற அத்தை முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பஸ்ஸில் முழுக்க என் கவலை.

அங்கே போய்ச் சாடியை மேசையில் வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் சாடியில் பளிங்கு மாதிரித் தண்ணீர். கொட்டையே போடவில்லை!

"அண்ணே, இதுல இருந்த தண்ணிய எங்கண்ணே கொட்டுனீக?" என்று போட்டி நடந்த பள்ளியின் பியூனைக் கேட்டேன்.

"சாக்கடை மாதிரி கெடந்துச்சு தம்பி. சாடியத் தேய்ச்சுக் கழுவி நல்ல தண்ணி புடிச்சு வச்சிருக்கேன். வெளியூர்ப் புள்ளைக பாவம்ல."

அவரைக் கோபிக்க முடியுமா, நீயே சொல். வாசலில் இருந்த பூந்தொட்டியில் கையை விட்டு இரண்டு பிடி செம்மண்ணை அள்ளி வந்து சாடியில் போட்டுக் கலக்கினேன். போட்டிக்கு வந்த அத்தனை பேரில், தெளிந்த தண்ணீரைக் கலக்கிவிட்டுப் பரிசு வாங்கியவன் நான் ஒருவன்தான். மதுரைப் பையன்கள் ராக்கெட் செய்திருந்தார்கள். அது மேசையை விட்டு எழும்பவே மறுத்துவிட்டது.

ஜமால் கொட்டையை உரசிக் கலக்க, நம் தண்ணீர் அழகாகத் தெளிந்தது. நடுவர் குனிந்து பார்த்தார். "தெளிஞ்சிருச்சு, சரி. அப்படியே குடிக்கலாமா தம்பி?"

"கூடாதுங்கய்யா. சேறுதான் அடியில உக்காரும். கண்ணுக்குத் தெரியாத கிருமி அப்படியேதான் இருக்கும். கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும். இந்தச் சோதனைய ஆரம்பிச்சது எங்க மாணிக்கம். தண்ணியில வந்த காய்ச்சல்லதான் அவன் போயிட்டான்."

நடுவர் சாடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மதிப்பெண் எழுதினார். அந்தப் பதிலுக்குத்தான் கோப்பை என்று மேடையிலேயே சொன்னார்கள். ஊருக்குள் இப்போது என் பெயர் விஞ்ஞானி சுப்பையா. டீக்கடையில் பெரியவர்கள் நகர்ந்து இடம் விடுகிறார்கள்.

கோப்பையை அத்தையிடம் கொண்டுபோனேன். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அம்புட்டுப் பேரு முன்னாடி எம்புள்ள பேரச் சொன்னியாமே, நீ நல்லா இருப்பப்பா" என்று என் தலையில் கை வைத்தாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன் மச்சான். உனக்குப் பொய் எழுதி என்ன லாபம்? அந்தப் பதிலைச் சொன்னது நானில்லை. குடிக்கலாமா என்று அவர் கேட்டதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ தண்ணீர் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது. வாய்வேலைக்காரனுக்கு வாயே வரவில்லை. மேசைக்குப் பின்னால் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தேன். முழுதும் சொன்னவன் ஜமால். திரும்பி வரும் பஸ்ஸில் அவனேதான், "நீ சொன்னதாவே இருக்கட்டும்டா. நீ அழுதது தெரிஞ்சா பயலுக உன்னைய விடமாட்டாய்ங்க" என்றான். நானும் சரியென்று விட்டேன், கோப்பைக்கு முன்னால் வெட்கமில்லாமல்.

அத்தையின் கை இன்னும் தலையில் கனக்கிறது. விடிந்ததும் ஜமாலை இழுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்துவேன். அப்புறம் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில், யார் பேசியது, யார் அழுதது என்று நானே சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும். இது உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
பாதி மீசையும் கால் விஞ்ஞானமும் உள்ள
உன் மாமன் மகன் சுப்பையா