டனிஸ்ரனின் கறுப்பு ட்ரக்

2006 மார்ச் 12, ஞாயிறு

மாதா கோவிலில் பூசை முடிந்து படியிறங்கும்போது டனிஸ்ரன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். என் மனைவி றோசாவின் தம்பி. போன வருடம் மொன்ட்ரியாலின் இல்-பிசாரில் வீடு வாங்கினான், இப்போது பத்து வயதான கறுப்பு பிக்-அப் ட்ரக் ஒன்றும் வாங்கியிருக்கிறான். தெருவில் எவனும் முந்த முடியாதபடி அதை மாற்றப்போகிறானாம்.

"அத்தான், எஞ்சின் வேலையை அல்பேட் அண்ணையிட்டைக் குடுத்திட்டன். கியர்பொக்ஸ் நீங்கள்தான் செய்யவேணும்."

சிரித்துக்கொண்டே "ஓம்" என்றேன். வயிறு எரிந்தது. அக்காவின் புருஷன் பதினாறு வருடமாக இதே தொழிலில் இருக்க, எஞ்சின் அல்பேட்டுக்கு. மிச்சம் எனக்கு.

மார்ச் 13

நேற்று எழுதியதை வாசித்தேன். இன்றும் எரிகிறது.

மார்ச் 19

இந்தக் கொப்பியை யாரும் வாசிக்கப்போவதில்லை, அதனால் உள்ளதை எழுதலாம். அல்பேட்டும் நானும் மொன்ட்ரியால்-நோரில் ஒரே கராஜில் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். அவன் எஞ்சின், நான் கியர்பொக்ஸ். பிறகு அவன் பார்க் எக்ஸ்டென்ஷனில் சொந்தக் கராஜ் திறந்தான். வாசலுக்கு மேலே ஆளுயரத்தில் அவன் பெயர். பங்குக் குருவான சுவாமி வந்து கராஜை ஆசீர்வதித்த அன்று கோவில் சனம் முழுக்கப் போனது. நான் முதுகுப்பிடிப்பு என்று சொல்லிப் படுத்திருந்தேன். முதுகில் ஒன்றுமில்லை. றோசா தனியாகப் போய் கேக் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

மூன்று வருடமாகிறது. கோவில் வாசலில் கண்டால் தலையாட்டுவதோடு சரி. நான் இன்னும் அதே முதலாளியிடம்.

ஏப்ரல் 2

டனிஸ்ரன் பின்னேரம் வந்து மேசை நிறையக் கட்டலொக் பரப்பினான். ஆறு கியர் மனுவல்தான் வேண்டும் என்றான். "அனோஜினி கிளட்ச் மிதிப்பாளோ?" என்று கேட்டேன். அவன் மனைவி அந்த ட்ரக்கில்தான் பிள்ளையை கார்டெரிக்கு, அதுதான் பகல்நேரக் காப்பகத்துக்கு, கொண்டுபோகிறாள். மனுவல் அத்தோடு போயிற்று. பெரிய லொறிகளுக்குப் போடும் மூன்று கியர் ஓட்டோமற்றிக் ஒன்று இருக்கிறது, சாமானியத்தில் உடையாது. ஆனால் ஹைவேயில் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும். கடைசியில் நான் சொன்னதுதான் நின்றது: இருக்கிற நாலு கியர் ஓட்டோமற்றிக்கையே பிரித்து, உள்ளே பலமான கிளட்ச் தட்டுகள், தடித்த ஷாஃப்ட், முன்னால் பெரிய கூலர்.

மிச்சம் கொன்வேட்டர். எஞ்சினுக்கும் கியர்பொக்சுக்கும் நடுவில் எண்ணெயில் சுழலும் உருண்டைப் பெட்டி. எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுக்கு வந்தபின் அது இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துத்தான் வாங்கவேண்டும். எஞ்சினுக்குப் பொருந்தாவிட்டால் எல்லாம் வீண்.

"எத்தினை சுத்திலை பலம் வருது எண்டு அல்பேட்டைக் கேட்டுச் சொல்லு."

"நீங்களே ஒருக்காக் கதையுங்கோவன் அத்தான். எனக்கு உதெல்லாம் விளங்காது."

அல்பேட்டின் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 9

போன் எடுக்கவில்லை. நான் ஏன் எடுக்கவேண்டும்? வயதில் மூத்தவன் நான். தேவையென்றால் அவன் எடுக்கட்டும்.

ஏப்ரல் 22

அவனும் எடுக்கவில்லை. பரவாயில்லை. அல்பேட்டின் கை எனக்குத் தெரியாதா? ஆறு வருடம் பார்த்தவன். அவன் கட்டுகிற எஞ்சின் எல்லாம் சுற்று மேலே போய்த்தான் கண் விழிக்கும், கீழே தூங்கும். மூவாயிரத்து எண்ணூறு சுற்றில் பிடிக்கிற கொன்வேட்டருக்கு ஓடர் கொடுத்துவிட்டேன்.

மே 20

கியர்பொக்ஸ் முடிந்தது. என் கையால் இதைவிட நல்ல வேலை வந்ததில்லை. றோசாவிடம் சொன்னேன்.

"தம்பி சொல்லுறான், அல்பேட் எஞ்சினைத் துடைச்சுத் துடைச்சுக் கண்ணாடி மாதிரி வைச்சிருக்கிறாராம்" என்றாள்.

"நான் துடைக்கிறேல்லையோ?"

"அதில்லையப்பா. உங்கடை சாமான் வண்டிக்குக் கீழையெல்லே கிடக்கப்போகுது. ஆர் குனிஞ்சு பாக்கிறது?"

சாப்பாட்டை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவள் சொன்னதில் பிழையில்லை. அதுதான் கூடச் சுட்டது.

மே 27

கொன்வேட்டர் வந்தது. வந்த அட்டைப்பெட்டியை உடைக்காமலே கியர்பொக்சோடு சேர்த்து ஏற்றி அனுப்பிவிட்டேன். பூட்டுகிற வேலை அல்பேட்டின் கராஜில். நான் போகவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

இன்று ட்ரக்கை ஆசீர்வதித்தார்கள். பூசை முடிந்து ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சுவாமி தீர்த்தம் தெளித்தார், டனிஸ்ரன் அவரை முன்சீட்டில் ஏற்றினான். முதல் ஓட்டம் சுவாமியோடு என்பது இங்கே எங்கள் சனத்தின் வழக்கம்.

மூடியைத் திறந்து காட்டியபோதுதான் கண்டேன். எஞ்சினுக்கு மேலே காற்றை அமுக்கித் தள்ளும் சூப்பர்சார்ஜர். பிள்ளையை ஏற்றி இறக்குகிற வண்டி என்று நினைத்து, கீழேயே பலம் வருகிற மாதிரிக் கட்டியிருக்கிறான். மேலே போய் விழிக்கிற எஞ்சின் இல்லை இது. என் கொன்வேட்டர் இதற்குப் பொருந்தாது என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வாய் திறக்கவில்லை.

டனிஸ்ரன் மிதித்தான். எஞ்சின் அலறியது, பிள்ளைகள் காதைப் பொத்தின. வண்டியோ யோசித்து யோசித்து நகர்ந்தது. மூலையிலுள்ள சிவப்பு விளக்கில் நின்று மறுபடி அலறி மறுபடி ஊர்ந்தது. பின்னால் ஒரு சைக்கிள்காரன் சிரித்துக்கொண்டே முந்திப் போனான். திரும்பி வந்தபோது கீழிருந்து எண்ணெய் தீய்ந்த மணம்.

"அல்பேட்டின்ரை எஞ்சின் சத்தத்துக்குத்தான்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். மதிலோடு நின்ற அல்பேட் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு சப்பாத்தைப் பார்த்தான்.

ஜூன் 19

சந்தோஷமாக இருக்கிறது. எழுத வெட்கம்தான். ஆனாலும் இருக்கிறது.

ஜூலை 2

அல்பேட்டிடம் வண்டியைக் கொடுக்க இருந்த இரண்டு பேர் எங்கள் கராஜுக்கு வந்தார்கள். "எங்கடை ஆக்களிலை வேலை தெரிஞ்சவர் நீங்கள்தானாமே அண்ணை" என்றான் ஒருவன். டனிஸ்ரன் எஞ்சினையே கழற்றி எறியப்போகிறானாம். "அதையும் நீங்களே செய்யுங்கோவன்" என்கிறாள் றோசா.

கேட்டதெல்லாம் கைக்கு வருகிறது. பிறகேன் நித்திரை வரவில்லை?

கொன்வேட்டர் பிழை. என்ரை கொன்வேட்டர். அவனைச் சனம் கோவில் வாசலிலை வைச்சுக் கிழிக்குது, நான் பக்கத்திலை நிண்டு தலையாட்டிறன். இன்னும் நாலு பேர் இப்படிப் போனால் அவன் கராஜை மூடவேண்டியதுதான். அதைத்தான் விரும்பினேனா?

ஓம். கொஞ்சம் விரும்பினேன்.

ஜூலை 8, சனி

அல்பேட்டின் கராஜுக்குப் போனேன். மூன்று வருடத்தில் முதல்முறை. சனிக்கிழமையில் ஒரேயொரு கார் நின்றது.

"வாங்கோ அண்ணை" என்று கதிரையைத் துடைத்துப் போட்டான். நான் இருக்கவில்லை.

"கொன்வேட்டர் பிழை, அல்பேட். உன்ரை எஞ்சினிலை ஒண்டுமில்லை."

"தெரியும். பெட்டியைத் திறந்தவுடனை கண்டனான், சின்ன உருண்டை, சுத்து மேலை போய்த்தான் பிடிக்கும்."

"பிறகேன் பூட்டினனி? ஒரு போன் எடுக்கிறதுக்கென்ன?"

"திறப்புவிழாவுக்கு வராததுக்கு இப்ப குறை பிடிக்கிறன் எண்டு நினைப்பியள். நீங்கள் தெரியாமல் அனுப்பமாட்டியள் எண்டும் ஒரு நினைப்பு. பூட்டிட்டன்."

"சரி. சனம் உன்னைத்தானே பேசுது. அதுக்காவது வாய் திறந்திருக்கலாம்."

"அத்தானும் மச்சானும் என்னாலை முகம் பாக்காமல் திரியவோ? விடுங்கோ."

விடுங்கோவாம். கோபத்தோடு வெளியே வந்தேன். தொழிலில் முந்தினான், பெயரில் முந்தினான். நல்லவனாக இருப்பதிலும் அவனே முந்தவேண்டுமா? மெட்ரோ வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

பூசை முடிந்ததும் படியிலேயே, எல்லாரும் நிற்கும்போது டனிஸ்ரனிடம் சொன்னேன். பிழை எஞ்சினில் இல்லை, நான் வாங்கின கொன்வேட்டரில்.

அவன் நம்பவில்லை. "அத்தான், அல்பேட் அண்ணையைக் காப்பாத்தச் சும்மா சொல்லாதேங்கோ."

பின்னால் நின்ற கிழவர் ஒருவர் "எவ்வளவு பெருந்தன்மை பாருங்கோ" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆண்டவரே, அந்த நேரம் பேசாமல் நின்றிருந்தால் நல்ல பெயரும் எனக்கே. நிற்கத்தான் ஆசை. ஒரு நிமிஷம் நின்றும் விட்டேன்.

பிறகு கத்தினேன். "பெருந்தன்மையுமில்லை, மண்ணுமில்லை! அவனோடை கதைக்க விருப்பமில்லாமல் குத்துமதிப்பிலை வாங்கினனான். எரிச்சலிலை வாங்கினனான். விளங்கிச்சோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. றோசா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸிலும் கையை விடவில்லை.

ஜூலை 29

அல்பேட்டின் கராஜில் இருவரும் ட்ரக்குக்குக் கீழே கிடந்து கொன்வேட்டரை மாற்றினோம். இது இரண்டாயிரத்து நானூறு சுற்றில் பிடிப்பது. நாலு மணிநேரத்தில் "பதின்மூண்டு ஸ்பனர்", "உதைப் பிடியுங்கோ" தவிர வேறு கதையில்லை.

டனிஸ்ரன் மிதித்தான். என் தலை சீட்டில் போய் இடித்தது. "அல்பேட் அண்ணையின்ரை எஞ்சின் எண்டால் எஞ்சின்தான்!" என்று கூவினான். கியர்பொக்சைப் பற்றி ஒரு வார்த்தை? இல்லை. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி கியர் மாறியது, அதை ஒருவன் கவனிக்கவேண்டுமே.

ஆகஸ்ட் 18, வெள்ளி

அல்பேட் போன் எடுத்தான். லாவாலிலிருந்து ஒருவன் ட்ரக் கொண்டுவந்திருக்கிறானாம், டனிஸ்ரனுடையதைப் பார்த்துவிட்டு.

"இன்னும் ஒண்டும் வாங்கேல்லை அண்ணை. நீங்கள் வந்து பாத்துச் சொன்னாப் பிறகுதான் எஞ்சினிலை கை வைப்பன்."

எரிச்சல் போய்விட்டதா? பொய் எழுதுவதற்கா கொப்பி வைத்திருக்கிறேன்? அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நாளை ஏழரைக்கு அங்கே நிற்கவேண்டும். உடுப்பை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.