மூணாவது கோட்

என்னங்க, மாலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிட்டேன். பஸ்ஸை டெப்போல விட்டுட்டு எட்டுக்குள்ள வந்துடுவேன்.

பன்றிக்கறி உப்பும் மிளகும் தடவி ஃப்ரிட்ஜ்ல இருக்கு. ஆறு மணிக்கு ஓவன்ல வைங்க. நீலக் கிண்ணத்துல கறி மேல பூச தேன் கலவை. கறியை உள்ளே வச்ச உடனே அதைப் பூசிடாதீங்க, பெயிண்டர் கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். கறி நல்லா வெந்தப்புறம் பத்து நிமிஷ இடைவெளி விட்டு ரெண்டே கோட், அதுக்கு மேல பூசினா தேன் கருகிடும். உங்க பிரஷைத் தொடாதீங்க, டர்பன்டைன் வாடை. டிராயர்ல புதுசு வாங்கி வச்சிருக்கேன்.

ஏழரைக்கு உங்க அக்கா சாப்பிட வர்றாங்க. போன வாரக் கறி கரிக்கட்டையானதைச் சொல்லி, "என் தம்பிக்குச் சுவர்தான் லாயக்கு"ன்னு சிரிப்பாங்க. நீங்களும் சேர்ந்து தலையாட்டாதீங்க.

கீழே இடமில்ல, ஓரத்துல எழுதறேன். போன வாரம் நீங்க ரெண்டு கோட்டோட சரியாத்தான் நிறுத்தினீங்க. நீங்க குளிக்கப் போனப்ப, பளபளப்பு பத்தலைன்னு மூணாவதைப் பூசினது நான். பழியை உங்க மேல போட்டு மூணு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டேன். சும்மா இருக்காத கை என் கைதான்.

அக்கா வர்றதுக்குள்ள இதைக் கிழிச்சுடுங்க.

வேண்டாம். அவங்க கையிலயே குடுத்துடுங்க.