மாப்பிள்ளை மீனின் வயது

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் இங்கே சுகம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி குறைந்ததா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. எங்கள் மீன்பண்ணையில் கெண்டை முட்டைகள் பொரியாமல் வெள்ளை வெள்ளையாகக் கெட்டுப்போயின. பெண் மீனுக்கு வயதாகிவிட்டது என்று நான்தான் அடித்துச் சொன்னேன். இளசாக வேறொன்றை விட்டேன். மறுபடியும் அதே கதைதான். இன்னொன்றைப் பிடிக்க வலையை எடுத்தபோது மேற்பார்வையாளர் அம்மா தொட்டியருகே வந்தார்.

“பொண்ணையே மாத்திக்கிட்டு இருக்கீங்களே, மாப்பிள்ளைக்கு என்ன வயசுன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. நான் செல்லமாக வளர்த்த அந்த ஆண் மீன்தான் பண்ணையிலேயே கிழம். இளம் ஆணை விட்டதும் தொட்டி நிறையக் குஞ்சுகள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. குழந்தை இல்லை என்று உன்னை மட்டும்தானே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அனுப்பினோம்.

இனி என் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் போகாதே. லீவில் வந்ததும் என்னைச் சோதிக்கட்டும். உன்னைப் பார்க்கும் அந்த டாக்டர் எந்தக் கிழமைகளில் இருப்பார் என்று எழுது. எனக்கு அதுகூடத் தெரியாது.

வலை அலசக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன். அன்றைக்கு நீயும் கூட வருவாயா? தனியாகப் போக வெட்கமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்