வெந்நீர் ஊற்றிய விரிப்பு

என் சரசு அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்க வேண்டிய காலத்தில் கேட்டேன். "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்" என்று எத்தனை தடவை சொன்னாய்? நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன், கோபம்தான் முடியவில்லை.

நம் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் உன் படுக்கை விரிப்பைப் போல இன்னொன்று வெயிலில் காய்ந்ததில்லை. பக்கத்து வீட்டு ராசாத்தி அத்தை வாசலில் நின்று, "சரசு வீட்டு விரிப்பப் பாருங்கடி, பால் மாதிரி" என்று மற்றப் பெண்களைக் குத்திக் காட்டுவாள். நீ சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாய். வாரத்தில் நான்கு நாள் ஒருத்தி ஏன் விரிப்புத் துவைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே சுவர் தள்ளி அடுத்த காம்பராவில் இருந்த நானும் கேட்கவில்லை. இதை எழுதும்போது என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரியம் முடிந்து உன் படுக்கையை எடுத்துப் போட வந்த அன்றுதான் பார்த்தேன். மேலே வெள்ளை வெளேரென்று விரிப்பு. அதன் கீழே, மெத்தை நனையாமலிருக்க வெட்டி விரித்த உரப்பை. அதில் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தது உன் இரத்தம். எத்தனை மாதமாக அக்கா? நீ கொழுந்து பறிக்கும் மலையில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, "இவ்வளவு நாளா என்ன செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். உன் வீட்டுக்காரர், மச்சான், என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆள் கூடுமுன்னே, தண்ணீர் விழும் பீலிக்குப் போயிருப்பாய். ஈரம் காயுமுன் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வைத்து, கசக்கி, போகாத இடத்தில் எலுமிச்சம்பழமும் சவுக்காரமும் தேய்த்து, வெயில் வந்ததும் புல்லில் விரித்திருப்பாய். அவ்வளவு பொறுமை. அதில் கொஞ்சத்தைச் செலவழித்து தோட்டத்து மருத்துவிச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கறை போனால் நோயும் போய்விடும் என்று நினைத்தாயா? நாலு பேர் வாய்க்குப் பயந்தாயா? அந்தப் பயத்துக்கு உயிரையா கொடுப்பார்கள்?

இப்போது இதைக் கேள். உன் மகள் ரம்யா என்னோடுதான் இருக்கிறாள். பதினேழு வயது. போன ஞாயிற்றுக்கிழமை விறகு எடுக்கப் போனேன். விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு விரிப்பு சுருண்டு கிடந்தது. பிரித்துப் பார்த்தால் நடுவில் தேயிலைச் சாய நிறத்தில் பெரிய கறை, துணியோடு வெந்துபோய். அழுக்கென்றால் வெந்நீர் என்று கேத்தலில் கொதித்ததை அப்படியே ஊற்றியிருக்கிறாள். இரத்தத்தில் சுடுதண்ணீர் பட்டால் அது ஜென்மத்துக்கும் போகாது. உன் பெண்ணுக்கு அது தெரியவில்லை. நல்லவேளை, தெரியவில்லை. உன் கைப்பக்குவம் அவளுக்கு வந்திருந்தால் அவளையும் நான் தூக்கிக்கொண்டு ஓடும் நாளில்தான் அறிந்திருப்பேன்.

"எத்தன நாளாடி இப்பிடி?" என்றேன்.

"மூணு மாசமா சித்தி. பத்து நாளானாலும் நிக்க மாட்டேங்குது."

"ஏன் சொல்லல?"

"அம்மா யார்கிட்டயும் சொல்லலியே."

அடிக்கக் கை ஓங்கினேன் அக்கா. அவளை இல்லை, உன்னைத்தான். நீ பக்கத்தில் இல்லாததால் கை சும்மா கீழே வந்தது.

விரிப்பைக் கொண்டுபோய் வாசல் கம்பியில் போட்டேன். ராசாத்தி அத்தை ஓடி வந்தாள்.

"ஆம்பளைங்க போற வாற எடம். கொமரிப்புள்ள இருக்கிற வீடு வேற. எடுத்து உள்ள போடு."

"என்னோடதுதான் அத்தை" என்றேன். "ஒடம்புக்கு முடியல. வியாழக்கெழம பதுளைக்கு ஆஸ்பத்திரி போறேன். கறை தெரிஞ்சா தெரியட்டும்."

அவளிடமிருந்து ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு நின்னு ஏழு வருசமாச்சு புள்ள. இப்ப ஆறு மாசமா திரும்ப ரத்தம் படுது. நானும் வரட்டா?" என்றாள். உன் விரிப்பைப் புகழ்ந்த வாய் அது. அவள் மேல் வைத்திருந்த கோபத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நாளைக்கு வியாழன். லுணுகலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மூன்று பேரும் போகிறோம். ரம்யா சற்று முன் வந்து, "அம்மா கறைய எப்பிடி சித்தி எடுப்பாங்க?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்து, எத்தனை மாதம், எத்தனை நாள் என்று அவள் தன் வாயால் சொல்லட்டும். அது வரைக்கும் சொல்லித் தரமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னை இன்னும் மன்னிக்காத,
உன் தங்கச்சி