ஹவ் என்றால் ஆமாம்

வெள்ளைச் சேலையை எடுக்க இன்று காலை அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டேன். சேலைக்கு முன்னால் உன் ஹெல்மெட் வந்து விழுந்தது, நேராக என் கால் விரலில். செத்தும் என்னைச் சும்மா விட உனக்கு மனமில்லையா என்று வாய்விட்டே திட்டினேன். குனிந்து எடுத்தால் உள்ளே பஞ்சில் இன்னும் உன் தலை வாசனை. தேங்காய் எண்ணெயும், ஒற்றைத் தலைவலிக்கு நீ பூசுகிற தைலமும். பதினோரு மாதமாகியும் போகவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது மணிக்குப் பேகம்பேட்டில் இருக்க வேண்டும். எனக்கு தீட்சை.

"கைக்குடீ இந்த வெள்ளைச் சேலை?" என்று நீ கேட்பது காதில் விழுந்தது. எதற்கு என்று கேட்க உனக்குத் தமிழ் வார்த்தையே கிடைக்காது, எப்போதும் இந்த ஊர் உருதில் கைக்குதான்.

சொல்கிறேன், கேள். நீ போன பிறகு என் தூக்கமும் போயிற்று. என் வீட்டுக்காரர் போனபோது சிநேகிதி என்று நீ இருந்தாய். நீ போனபோது யார் இருந்தார்கள்? ஆபீசில் ஒருத்தி இந்த சுவாமிஜியிடம் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல குரல் அவருக்கு. அவர் பேசினால் அரை மணி நேரம் என் நெஞ்சு படபடக்காமல் இருக்கும். அந்த அரை மணிக்காக ஐந்து மாதம் போனேன். போன வாரம் தீட்சை தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வீட்டில் தீட்டு கூடாது. "பெண்ணைப் பிரசவத்துக்கு மாமியார் வீட்டிலேயே இருக்கச் சொல்லம்மா. பாசம்தான் உன் நோய்" என்றார்.

என் பெண்ணுக்கு, உன் செல்லத்துக்கு, இது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம். வருகிற புதன்கிழமை உப்பலிலிருந்து இங்கே வருவதாக இருந்தாள். போனில் விஷயத்தைச் சொன்னேன். நாம் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், உனக்குத் தெரியாததா. அன்றைக்கு அதிசயமாகத் தமிழிலேயே கேட்டாள். "நான் தீட்டாம்மா?" அவ்வளவுதான், வைத்துவிட்டாள். இதற்கு நான்கு நாள் ஆகிறது.

நீ இருந்திருந்தால் அவரிடம் ஒரு ஹவ் போட்டுப் பார்த்திருப்பாய்.

அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் அது. குரு பார்க்கப் போவது நம் இருவருக்கும் பெண் பார்க்கப் போவதுபோல் ஆகியிருந்த காலம். ஸ்கூட்டரில் நீ முன்னால், நான் பின்னால். அங்கே போனால் கும்பிட நான், கவனிக்க நீ. சென்னையிலிருந்து வந்திருந்த அந்தப் பெரியவர் கையைத் தூக்கி, "எல்லாம் அவன் செயல். நாம் வெறும் கருவி. புரிகிறதா?" என்று கேட்டார். முதல் வரிசையில் இருந்த நீ பக்தியோடு தலையை ஆட்டி, "ஹவ்" என்றாய்.

நம் ஊரில் பால்காரனிலிருந்து பேங்க் மேனேஜர் வரை ஆமாம் என்பதற்கு ஹவ்தான். சென்னைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அவர் காதில் அது இங்கிலீஷ். எப்படி என்று நீ எதிர்க்கேள்வி கேட்டதாக நினைத்துவிட்டார். "ஹவ்வா? குருவைப் பார்த்து ஹவ் என்று கேட்கிறாயா? நாலு எழுத்து படித்த திமிரா?" மைக்கில் கத்தினார். நீ எழுந்து, "சாமி, நான் ஆமான்னுதானே சொன்னேன்" என்று ஆரம்பிப்பதற்குள் தொண்டர் ஒருவர் உன் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்து விட்டார். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தால், நீ ஸ்கூட்டரின் மேல் கவிழ்ந்து கிடக்கிறாய். அழுகிறாய் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய்.

"ஆமான்னதுக்கே இந்தக் கோவம்டி. நெஜமாவே எப்படின்னு கேட்டிருந்தா?" என்றாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எந்த சாமியா இருந்தாலும் ஒரு ஹவ் போட்டுப் பாத்துடறேன்" என்றாய்.

போட்டாய். ஒருவர் முறைத்தார். ஒருவர் காதில் விழாததுபோல் அடுத்த சுலோகத்துக்குப் போய்விட்டார். நமக்கு நல்ல பொழுதுபோக்கு, ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். தாகத்துக்குத் தண்ணீர் தேடி வந்தவளை நீ பானையைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறாய் என்று இருந்தது.

கடைசியில் போவன்பள்ளியில் அந்தத் தபால்காரர் கிடைத்தார். மகனோடு இருக்க மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர், ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டு முன்னறையில் ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலி. மார்க்கெட்டிலிருந்து கொத்தமல்லி வாசம் உள்ளே வரும். மனசை அடக்கினால் அமைதி வரும் என்று அவர் சொன்னதும் நீ வழக்கம்போல, "ஹவ்" என்றாய். அவரும் எல்லோரையும் போல அதை இங்கிலீஷாகத்தான் எடுத்துக்கொண்டார். பேச்சை நிறுத்திவிட்டு மோட்டுவளையைப் பார்த்தார்.

"எப்படின்னா... அது எனக்கே இன்னும் வரலம்மா. காலையில மோட்டார் ஓடலைன்னு மகனைப் புடிச்சுக் கத்திப்புட்டேன். அடுத்த வாரம் வாங்க, யோசிச்சுச் சொல்றேன்."

அடுத்த வாரம் நாம் உள்ளே நுழைந்ததும் உன்னைத் தேடிப் பார்த்துச் சொன்னார். "ஒங்க கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கல. ஆனா இந்த வாரத்துல ரெண்டு நாளு கத்தல." நீ விஷயத்தைச் சொன்னாய். கேள்வியே இல்லை ஐயா, இந்த ஊரில் அது ஆமாம் என்று. மனிதர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "அட, நீங்க ஆமான்னதுக்கா நான் ஒரு வாரமா முழிச்சிக்கிட்டுக் கெடந்தேன்!" நான் போய் அவர் காலில் விழப் பார்த்தேன். இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி மடக்கிக்கொண்டார். "பொண்ணு தனியா இருக்கும்னீங்களே. மொதல்ல போயிச் சோறு போடுங்க."

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. திரும்பும் வழியெல்லாம் உன் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். அவரும் நம்மைப் போலவே கத்துகிறார், அவருக்கும் பதில் தெரியவில்லை, அப்புறம் எதற்குக் குரு? சிக்னலில் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாய். "குருவுக்குக் கோவம் வரலாம்டி. கேள்வி மேல வரக் கூடாது." பச்சை விழுந்தது, போய்விட்டோம். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நீ மட்டும் போனாய். நான் உன் தபால்கார சாமி என்று சொல்லிச் சொல்லி உன்னைக் கிண்டல் செய்தேன்.

நீ போன அன்றைக்கு அவர் வந்திருந்தார். உன் மகன் போட்ட நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஏன் இப்படி ஆயிற்று என்று அவரிடம்தான் கேட்டேன், கேட்க எனக்கு வேறு யார்? "தெரியலைம்மா" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவர் மேல் அத்தனை கோபம். ஒரு காரணம், ஒரே ஒரு காரணம் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பேன்.

இந்த சுவாமிஜி காரணம் சொன்னார். இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வருகிறேன். முதல் மாதத்திலேயே உன்னைப் பற்றி அவரிடம் சொன்னேன். "குரு வாய்க்காத உயிரம்மா. அதனால்தான் அற்பாயுசு" என்றார். நான் தலையாட்டினேன். உன்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்ல, ஸ்கூட்டரில் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய நான், கைகட்டி நின்று தலையாட்டினேன். அன்று இரண்டு மணி நேரம் தூங்கக்கூடச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று போனேன். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, உன் ஹெல்மெட்டையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார். மண்டபத்தில் என் முறை வந்தது. சுவாமிஜி குனிந்து மெல்லிய குரலில், "பெண்ணிடம் சொல்லிவிட்டாய் அல்லவா? பாசத்தை அறுத்தால் அமைதி தானாக வரும்" என்றார்.

"ஹவ்" என்றேன். சத்தியமாக அது பழக்கத்தில் வந்த ஆமாம்.

அவர் புருவம் ஏறியது. "என்ன?"

அந்தப் புருவத்தைப் பார்த்தேன். அந்தக் கல்யாண மண்டபம், மைக், ஸ்கூட்டர் மேல் கவிழ்ந்து நீ சிரித்தது, எல்லாம் வந்தது. இரண்டாவது முறை சொன்னபோது அது கேள்விதான். "எப்படிங்க சாமி? பெத்த பொண்ணை வராதேன்னு சொல்லிட்டு எனக்கு எப்படி அமைதி வரும்?" யோசிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அடுத்த வாரம் வா என்றாவது சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரத்தை இழக்க எனக்கு அவ்வளவு பயம்.

அவர் கத்தவில்லை. சிரித்தார். பக்கத்தில் நின்ற சீடரும் சிரித்தார். "கேள்வி கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தாளே உன் சிநேகிதி, அவள் வழியில்தான் போகப் போகிறாயா?"

"ஹவ் சாமி" என்றேன். "ஹவ்னா ஆமா."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. செருப்புகூட ஒரு கால் மாறிப் போயிருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன். ரோட்டோரத்தில் நின்று உப்பலுக்குப் போன் போட்டேன். புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், வருகிறாயா என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஹவ்மா. தொந்தரகா ரா" என்றாள். சீக்கிரம் வா என்று தெலுங்கில். என் பெண் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள்.

இதை அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அமைதி என்று எதுவும் வந்துவிடவில்லை. நெஞ்சு அப்படியேதான் அடிக்கிறது, இன்றைக்கும் தூக்கம் வராது. வியாழக்கிழமை போவன்பள்ளிக்குப் போகலாமா என்று பார்க்கிறேன். அவருக்கும் தெரியாது என்றுதான் சொல்வார், சேர்ந்து தெரியாமல் இருக்கலாம். ஹெல்மெட் என் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனாலும் இதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

அன்றைக்கு நான் தலையாட்டியதை மன்னித்துவிடுவாயா? நீ என்ன சொல்வாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஹவ் என்பாய். அது ஆமாமா, எப்படியா என்றுதான் தெரியவில்லை.